ஏழாம் கேள்விக்குச் சிபாக் சொன்ன பதில்

ஷால்பான் ஊர் சிபாக் முதன்முதலாக உப்பை நாக்கில் வைத்தபோது அவனுக்கு வயது இருபத்திரண்டு. திலஷ்கலா நாட்டில் அன்றைக்கு அவன் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அதே கதைதான். ஏரி நடுவே நகரம் கட்டி வாழ்ந்த மெக்சிகர்கள் இவர்களைச் சுற்றி எல்லா வழியையும் அடைத்து வைத்திருந்தார்கள். உப்பு வராது, பருத்தி வராது. மிளகாயும் தக்காளியும் அரைத்துச் சோள ரொட்டியில் தடவி அப்படியே தின்று பழகியவர்கள். வருஷம் தவறாமல் சண்டை வேறு. சிபாக்கின் அண்ணனை அப்படி ஒரு சண்டையில் உயிரோடு பிடித்துக்கொண்டு போய், ஏரி நகரத்துக் கோவில் உச்சியில் பலியாக நெஞ்சைப் பிளந்தார்கள். சேதி கொண்டுவந்தவன் அதை ஒரு பெருமை போலச் சொன்னான். சிபாக்கின் தாய் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை.

கடற்கரைப் பக்கமிருந்து தாடிக்கார ஸ்பானியர்கள் குதிரையோடு வந்தபோது திலஷ்கலாக்காரர்கள் முதலில் அவர்களோடும் சண்டைதான் போட்டார்கள். சிபாக்கும் அவன் தம்பி மிமிச்சும் கவண்கல் வீசினார்கள். இரண்டு வாரம் கழித்து நாட்டுத் தலைவர்கள் கூடிப் பேசி, இவர்களோடு சேர்ந்து மெக்சிகர்களை ஒழித்துக்கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். நிலம் உங்களுடையது, யாருக்கும் நீங்கள் அடிமையில்லை என்று பதிலுக்கு ஸ்பானியர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கைச் சிபாக் காதால் கேட்டவன் இல்லை. கேட்டவர்கள் சொல்லக் கேட்டவன்.

ஸ்பானியப் படையில் ஹினேஸ் பெரோகால் என்று ஒரு வில்வீரன். செம்பட்டைத் தாடி, சிபாக்கின் வயதுதான். சொந்த ஊரில் பன்றி மேய்த்தவன். அதைக் கூச்சமில்லாமல் பன்றி மாதிரி உறுமியே நடித்துக் காட்டுவான். ஒரு மாலை தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு கட்டி உப்பை எடுத்து உடைத்துச் சிபாக்கின் ரொட்டியில் தூவினான். சிபாக் கடித்துவிட்டு அப்படியே வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, விஷமா?" என்றான் மிமிச்.

"நீயும் தின்னு பாரு. செத்தா ரெண்டு பேரும் சேர்ந்து சாவோம்."

மிமிச் தின்றான். மீதிக் கட்டியையும் நக்கினான். ஹினேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றையிலிருந்து மூவரும் ஒரே நெருப்பைச் சுற்றிப் படுத்தார்கள். ஹினேசுக்கு இவர்கள் பேச்சு வந்தது. அதிலும் கெட்ட வார்த்தைகள் முதலில் வந்தன.

ஏரி நகரத்துக்குள் போய் ஏழெட்டு மாதம் இருந்தார்கள். ஊர் மொத்தமும் எதிர்த்து எழுந்ததும் ஒரு மழை இரவில் தப்பி ஓட வேண்டியதாயிற்று. ஏரிக்குக் குறுக்கே போகும் கரைப்பாதையில் அங்கங்கே மெக்சிகர்கள் பாலங்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அதற்காக ஒரு மரப்பாலத்தையே செய்து நாற்பது திலஷ்கலாக்காரர்கள் தோளில் சுமந்தார்கள். மிமிச் அந்த நாற்பதில் ஒருவன். முதல் இடைவெளியில் வைத்த பாலம் சேற்றில் இறுகிக் கிளம்பவே இல்லை. பின்னால் மெக்சிகர்களின் படகுகள், முன்னால் தண்ணீர். இரண்டாவது இடைவெளியில் குதிரையும் மனிதனும் மூட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

சிபாக் அந்த விளிம்பில் நின்றான். கீழே தண்ணீரில், கைக்கு எட்டும் தூரத்தில் ஹினேஸ். தொடையில் அம்பு, நகரத்தில் அள்ளிச் சட்டைக்குள் திணித்திருந்த தங்கம் அவனை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஆறேழு முழம் தள்ளி மிமிச் நீந்திக்கொண்டிருந்தான். "அண்ணே" என்றான். அவன் பின்னால் ஒரு படகு வந்தது. சிபாக் ஹினேசின் தலைமுடியைப் பிடித்தான். இடுப்புவாரை அறுத்துத் தங்கத்தைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு ஆளை மேலே இழுத்துப் போட்டான். திரும்பிப் பார்த்தபோது படகும் இல்லை, மிமிச்சும் இல்லை.

விடியும் வரை ஹினேசை முதுகில் சுமந்தான். கரையேறியதும் ஹினேஸ் அவன் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதான்.

"இனிமே இந்த உசுரு உன்னோடது" என்றான்.

அடுத்த வருஷம் திரும்பிப் போய் அந்த நகரத்தை வளைத்தார்கள். எழுபத்தைந்து நாளுக்கு மேல் நடந்தது முற்றுகை. பகலெல்லாம் வீடுகளை இடித்துக் கால்வாயைத் தூர்ப்பது சிபாக் கூட்டத்தாரின் வேலை. கடைசியில் உள்ளே இருந்தவர்கள் புல்லையும் பல்லியையும் தின்று, ஏரியின் உப்புத் தண்ணீரைக் குடித்து, நிற்க முடியாமல் வெளியே வந்தார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் பழி தீர்ந்தது என்று சிபாக் நினைக்கப் பார்த்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் தன் பிள்ளையின் வாயில் ஈரமண்ணை வைத்து ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு நிற்கவில்லை.

ஊருக்கு வந்தான். செந்தேவா என்ற பெண்ணைக் கட்டினான். பாதிரிமார் வந்து ஞானஸ்நானம் கொடுத்து அவனுக்குப் பல்தசார் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கோவில் வாசலோடு சரி. மகள் லுசியாவுக்கு ஹினேஸ் ஞானத்தகப்பனாக நின்றான். அப்படித்தான் இருவரும் கும்பாதிரிகள், ஞானஸ்நான வழி உறவுக்காரர்கள், ஆனார்கள். ஹினேஸ் புவெப்லா நகரத்தில் குடியேறியிருந்தான். வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் குதிரையில் வந்து மூன்று நாள் தங்குவான். செந்தேவா மிளகாய் போட்டு வான்கோழி சமைப்பாள். கண்ணில் நீர் வழிய அவன் தின்பதைப் பார்க்கத் தெருப் பெண்கள் வருவார்கள். கற்றாழைக் கள் இரண்டு கலயம் உள்ளே போனதும் பன்றி மாதிரி உறுமிக் காட்டுவான்.

ஷால்பான் சமவெளியில் சிபாக்குக்குச் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் இருந்தது. கள்ளி மடலில் வெள்ளையாய் அப்பியிருக்கும் பூச்சியை வழித்துக் காயவைத்தால் சிவப்புச் சாயம். செந்தேவாவின் விரல்நகங்கள் எந்நாளும் சிவப்பாகத்தான் இருக்கும்.

இருபத்தைந்து வருஷம் இப்படிப் போனது. பிறகு கொள்ளைநோய் வந்தது. மூக்கிலும் காதிலும் ரத்தம் வடிந்து நான்காம் நாள் முடிந்துவிடும். முந்நூறு அடுப்பு எரிந்த ஷால்பானில் எண்பது மிஞ்சியது. சிபாக்கின் இரண்டு மகன்களும் ஒரே வாரத்தில் போனார்கள். லுசியாவும் அவள் புருஷனும் பிழைத்தார்கள்.

அந்த வருஷமும் ஹினேஸ் வந்தான். துக்கம் கேட்டான். மாலையில் தனியாகச் சமவெளி முழுக்கக் குதிரையில் சுற்றினான். கூரை விழுந்த வீடுகள் முன்னால் நின்று நின்று பார்த்தான். தூரத்திலிருந்து பார்த்த சிபாக், "பாவம், நம்ம ஊருக்காக எவ்வளவு வருத்தப்படுறான்" என்று மனைவியிடம் சொன்னான்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் ஹினேஸ் பேச்சை எடுத்தான்.

"கும்பாதிரி, ராஜாவுக்கு ஒரு மனு போடுறேன். சண்டை போட்டு நான் என்ன கண்டேன், சொல்லு. அன்னைக்கு என் பின்னால மூட்டை தூக்கினவன்லாம் இன்னைக்கு மாளிகையில இருக்கான். நான் மச்சினன் வீட்டுச் சோத்துல பொழைக்கிறேன்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"சாட்சி சொல்லணும். பன்னெண்டு கேள்வி கேப்பாங்க. என்னோட சண்டை போட்டவன், கூடவே இருந்து பார்த்தவன் நீதான். தெரியும், தெரியும்னு சொல்லிட்டு வந்துரு."

செந்தேவா ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டே, "இவரையா கூப்பிடுறீங்க? சண்டைக் கதையை ஆரம்பிச்சா ஆறு நாள் நிறுத்த மாட்டாரு. எழுதுறவன் கை ஒடிஞ்சிரும்" என்றாள்.

"ஒடியட்டும்மா. எழுதுறதுக்குத்தானே அவனுக்குச் சோறு."

சிபாக் சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டான். மகன்கள் போன வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்றிருந்தது. துவைத்த மேலாடையை முடிந்துகொண்டு, புவெப்லாவுக்கு ஒரு பகலும் மறுநாள் காலையுமாக நடந்தான்.

மாடியில் ஒரு நீளமான அறை. நீதிபதி ஜன்னலோரம் பாதிக் கண் மூடி இருந்தார். மேஜையில் எழுத்தர், இறகுப் பேனா. மொழிபெயர்க்க நின்றவன் அந்தோலின் என்ற மெக்சிகன், முப்பது வயதிருக்கும். ஏரிக்கரைக்காரர்கள் இழுத்துப் பேசுகிற அதே பேச்சு. ஹினேஸ் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சிபாக் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

முதல் ஆறு கேள்விகள் சுலபம். மனுதாரரைத் தெரியுமா, எந்தெந்தச் சண்டையில் இருந்தார், சொந்த வில்லோடு வந்தாரா. சிபாக் ஒவ்வொன்றுக்கும் நீட்டி முழக்கிப் பதில் சொன்னான். எழுத்தர் கொஞ்சம் எழுதினார்.

அந்தோலின் ஏழாவதைப் படித்தான். "அந்த மழை ராத்திரியில மனுதாரர் ஹினேஸ் பெரோகால், தொடையில அம்பு பட்டிருந்தும், தன் உசுரைப் பெருசா நெனைக்காம தண்ணியில குதிச்சு, முழுகிட்டிருந்த பல பேரைக் கரை சேர்த்தாரு. அதுல ஒருத்தர் இங்க நிக்கிற சாட்சி. இது உங்களுக்குத் தெரியுமா?"

சிபாக் சிரித்துவிட்டான். "தம்பி, தலைகீழாப் படிக்கிறீங்க. முழுகினது அவரு. இழுத்தது நான்."

அந்தோலின் காகிதத்தைப் பார்த்தான். "எழுதியிருக்கிறது இதுதான், ஐயா."

"அப்ப எழுதினவனுக்குத் தெரியல. நான் சொல்றேன், எழுதிக்குங்க." பாலம் சேற்றில் மாட்டியதிலிருந்து ஆரம்பித்தான். படகுகள் எந்தப் பக்கமிருந்து வந்தன, குதிரைகள் எப்படிக் கத்தின, இடுப்புவாரை எந்தக் கத்தியால் அறுத்தான், தம்பி எவ்வளவு தூரத்தில் இருந்தான், என்னவென்று கூப்பிட்டான், எல்லாம் சொன்னான். இத்தனை வருஷத்தில் செந்தேவாவிடம்கூட அந்தக் கடைசிப் பகுதியைச் சொன்னதில்லை. அந்தோலின் ஒவ்வொரு வாக்கியமாகத் தாழ்ந்த குரலில் ஸ்பானியத்தில் சொல்லிக்கொண்டே வந்தான். நடுவில்தான் சிபாக் கவனித்தான்: எழுத்தரின் பேனா மைக்கூட்டில் நின்றிருந்தது. அவர் எழுதவே இல்லை.

ஹினேஸ் எழுந்து வந்து அவன் தோளில் கைபோட்டு நடைபாதைக்குக் கூட்டிப் போனான்.

"கும்பாதிரி, கோவிச்சுக்காத. அது காகிதத்துக்காக எழுதினது. என்னை இந்த மண்ணு ஆளு, ஒரு இந்தியன் முதுகுல தூக்கிட்டு வந்தான்னு ராஜாகிட்டச் சொன்னா, எனக்கு எவன் என்ன குடுப்பான்? தூக்கினது நீன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். ராஜா அங்க இருந்தாரா? அவருக்கு வேற மாதிரி தெரிஞ்சா உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"மிமிச் செத்தது?"

"மிமிச்சைப் பத்தி அதுல ஒண்ணுமே எழுதலையே."

சிபாக் அவனை ஏற இறங்கப் பார்த்தான். ஹினேசின் முட்டிக் கால்சட்டை ஒட்டுப்போட்டிருந்தது. தாடியில் பாதி நரை. இருபத்தைந்து வருஷம் தன் வீட்டில் கைநனைத்தவன். கேட்பது ஒரு வார்த்தை. மகளின் ஞானத்தகப்பனுக்கு இதைச் செய்யாமல் யாருக்குச் செய்வது என்று நினைத்தான்.

உள்ளே வந்து, "தெரியும். அப்படியே எழுதிக்குங்க" என்றான்.

பேனா மைக்கூட்டிலிருந்து எழுந்தது. அந்தோலின் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான்.

எட்டிலிருந்து பதினொன்று வரை சிபாக் நீட்டவில்லை. தெரியும் என்பதோடு நிறுத்திக்கொண்டான். பன்னிரண்டாவதைப் படிக்கும் முன் அந்தோலின் தொண்டையைச் செருமினான்.

"ஷால்பான் சமவெளி, ஓடையிலேர்ந்து மலையடிவாரம் வரைக்கும், ஆள் இல்லாத தரிசு. உரிமை கொண்டாட யாரும் இல்ல. மாட்டுப் பண்ணை வைக்க மனுதாரருக்கு அதைக் குடுத்தா எவருக்கும் நஷ்டமில்ல. இது சாட்சிக்குத் தெரியுமா?"

"எந்த ஷால்பான்?"

"உங்க ஊரு ஷால்பான்தான், ஐயா."

சிபாக் ஹினேசைப் பார்த்தான். ஹினேஸ் தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆள் இல்லாத ஊர்லேர்ந்து வந்து நிக்கிற நான் யாரு?" என்றான் சிபாக். "என் பிள்ளைங்க ரெண்டு பேரையும் அங்கதான் பொதைச்சிருக்கேன். என் கள்ளித் தோட்டம் அங்க இருக்கு. என் மக வீடு இருக்கு. எண்பது அடுப்பு எரியுது. சொல்லுங்க அவர்கிட்ட. அந்த ஏழாவதையும் அடிக்கச் சொல்லுங்க. அது பொய்."

அந்தோலின் சொன்னான். எழுத்தர் முகம் தூக்காமல் பதில் சொன்னார். அதை அந்தோலின் திருப்பினான்: "சத்தியம் பண்ணி எழுதினதை அடிக்க முடியாதாம். பொய்னு நீங்களே சொன்னா, பொய்ச் சத்தியத்துக்குச் சாட்டையடியாம்."

பன்னிரண்டாவதுக்கு நேராக எழுத்தர் ஒரே வரி எழுதினார். 'இதற்கு மேல் தனக்கு எதுவும் தெரியாது என்று சாட்சி சொன்னான்' என்பதே அந்த வரி. சிபாக்குக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவனுக்காக அந்தோலின் போட்டான்.

படியிறங்கியதும் சிபாக் அந்தோலினைப் பிடித்துக்கொண்டான். "நான் சொன்னதை நீ சரியாச் சொன்னியா?"

"ஒரு வார்த்தை கூட விடல. எழுதுறது அவர் கை, என் வாய் இல்ல." பிறகு போகத் திரும்பியவன் நின்றான். "எங்கப்பா அந்த முற்றுகையில பசியில செத்தாரு. நான் அம்மாவோட வெளிய வந்தப்ப எனக்கு அஞ்சு வயசு. நீங்க வெளிய நின்னு பார்த்துட்டு இருந்திருப்பீங்க. ஸ்பானியர்களை உள்ள கூட்டிட்டு வந்தவங்க நீங்க. அவங்க உங்களை என்ன செய்வாங்கன்னு நெனைச்சீங்க?"

அந்தோலின் போய்விட்டான்.

ஹினேஸ் பின்னாலேயே இறங்கி வந்தான். "கும்பாதிரி, முழுசாக் கேளு. லுசியா வீட்டை நான் தொடுவேனா? உனக்கும் அங்கேயே மாடு பார்க்கிற வேலை போட்டுத் தரேன். வயசான காலத்துல கள்ளியைக் கட்டிட்டு ஏன் அழுவுற? ஊர்ல பாதி காலி. நான் கேக்கலைன்னா வேற ஒருத்தன் கேப்பான். அவன் உன்னை உள்ளயே விட மாட்டான்."

"அன்னைக்கு என் தம்பி கூப்பிட்டான்" என்றான் சிபாக். "நான் உன் பக்கம் கையை நீட்டினேன்."

பிறகு ஊர்ப்பாதையில் நடந்தான். வழியில் எங்கும் சாப்பிடவில்லை.

செந்தேவா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏழாவதுக்கு ஏன் ஒத்துக்கிட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அவன் கால்சட்டை ஒட்டுப்போட்டிருந்துச்சு" என்றான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மறுநாள் நாட்டு சபைக்குப் போய் முறையிட்டான். திலஷ்கலா மண்ணில் ஸ்பானியருக்கு இடம் கொடுப்பதில்லை என்பது பழைய வாக்கு ஆயிற்றே என்று சபையார் கொதித்தார்கள். மனுவும் எழுதி அனுப்பினார்கள். நான்கு மாதம் கழித்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். ஓடைக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊர் மொத்தமும் நின்றது. சிபாக்கின் முறை வந்ததும் அவர் புவெப்லா காகிதத்தின் நகலைப் பிரித்தார்.

"இந்த ஹினேஸ் பெரோகால் உன் உயிரைக் காப்பாத்தினவர்னு நீ சத்தியம் பண்ணியிருக்க. இப்ப அவருக்கு விரோதமாப் பேச வந்திருக்க. உனக்கு நன்றி கிடையாதா?"

"ஐயா, அது பொய். நான்தான் அவரை..."

"அப்ப நீ பொய்ச் சத்தியம் பண்ணினவன். பொய் சொன்ன வாய் இப்ப மட்டும் உண்மை சொல்லுதுன்னு நான் எப்படி நம்புறது?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். செந்தேவா முன்னால் வந்து, சாயம் ஏறிய கை இரண்டையும் அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அவர் வாயை நம்ப வேணாம். இதைப் பாருங்க. தரிசுல இந்தச் சாயம் எங்கேர்ந்து வரும்?" அதிகாரி பார்த்தார். தோட்டத்தையும் போய்ப் பார்த்தார். கடைசியில் இரண்டு பக்கமும் தலையாட்டுகிற மாதிரி ஒரு தீர்ப்பு வந்தது. கோவிலும் வீடுகளும் இருக்கிற மேல்பாதி ஊருக்கு. ஓடையை ஒட்டிய கீழ்ப்பாதி ஹினேசுக்கு. சிபாக்கின் தோட்டம் கீழ்ப்பாதியில் இருந்தது. கொள்ளைநோயில் போன மகன்களின் குழிமேடும் அங்கேதான்.

மாடுகள் மழைக்காலத் தொடக்கத்தில் வந்தன. ஒரே வாரத்தில் கள்ளியெல்லாம் மிதிபட்டு நாறியது. ஊரார் சிபாக்கைக் குறை சொல்லவில்லை. ஆனால் சந்தையில் அவன் பேச ஆரம்பித்தால் சிலர் பாதியில் எழுந்து போனார்கள். சண்டைக் கதைகளை அவன் நிறுத்திக்கொண்டான். மலையடிவாரத்தில் கல் பொறுக்கி ஒதுக்கிப் புதிதாகக் கள்ளி நட்டான்.

ஒருநாள் ஹினேஸ் குதிரையில் ஓடைக்கு வந்தான். சிபாக் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான்.

"கும்பாதிரி" என்றான் ஹினேஸ்.

சிபாக் குடத்தைக் கீழே வைத்து நிமிர்ந்தான். "என்ன வேணும், துரை?"

ஹினேசின் முகம் சுருங்கியது. "என்னைத் துரைன்னா கூப்பிடுற? லுசியாவுக்கு நான் ஞானத்தகப்பன்."

"உங்க மாடு ரெண்டு மேட்டுக்கு ஏறி வருது, துரை. ஓட்டிட்டுப் போங்க."

ஹினேஸ் கொஞ்ச நேரம் குதிரையிலிருந்து இறங்குவதா வேண்டாமா என்பது போல இருந்தான். பிறகு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான். வருஷா வருஷம் அறுவடை முடிந்து அவன் சிபாக் வீட்டுக்கு வருவதும் நின்றுபோனது.

மூன்றாம் வருஷம் ஹினேஸ் காய்ச்சலில் இறந்தான். சேதி கேட்டு லுசியா அப்பாவிடம் வந்தாள். "பூசைக்கு நான் போகவா, வேணாமா?"

"போயிட்டு வா. உனக்கு அவரு நல்லதுதான் செஞ்சாரு."

"நீங்க?"

"எனக்கு வேலை கிடக்கு."

அவள் முக்காடு போட்டுக்கொண்டு புருஷனோடு கிளம்பினாள். சிபாக் மலையடிவாரத்துக்குப் போனான். புதுக்கள்ளியில் அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பூச்சி பிடித்திருந்தது. செந்தேவா ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக மாலை வரை வழித்தார்கள். ஒரு கலயம்கூட நிறையவில்லை.